அடைத்த கதவும் அடை மழையும்

நம் சங்க இதழுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, "எனக்கு என்ன ஐயா எழுத வரும்? டெம்போ ஓட்டிப் பிழைத்தவன் நான்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "அப்படியானால் டெம்போவைப் பற்றியே எழுதுங்கள்" என்றார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் இலக்கியமும் இல்லை, அரசியலும் இல்லை. ஒரு கதவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கதவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், திறக்காத ஒரு கதவின் முன்னால் ஐம்பது நிமிடம் நின்று பார்த்தவர்கள் அல்லர் என்பது என் எண்ணம்.

நான் வடாலாவுக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. முதலில் கிளீனர், பிறகு டிரைவர், பிறகு சொந்தமாக ஒரு டெம்போ. இப்போது கல்யாணங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் பாத்திரம் வாடகைக்கு விடும் தொழில். அண்டா, குண்டான், வடிதட்டு, காஸ் அடுப்பு, பந்திப் பாய் என்று எல்லாவற்றையும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் தாராவிக்கும் கொண்டு போய்க் கொடுத்து, மறுநாள் எடுத்து வருவோம். நம் சங்கத்துப் பொங்கல் விழாப் பாத்திரங்களும் என் வண்டியில்தான் வரும் என்பது பலருக்குத் தெரியும்.

முன்பெல்லாம் திறந்த வண்டிதான். தார்பாயைப் போட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினால் போதும். ஆனால் மழைக்காலத்தில் தார்பாய் கிழிந்து பாய்கள் நனையும்; சிக்னலில் வண்டி நின்றால் கரண்டி காணாமல் போகும். அதனால் நாலு பக்கமும் தகரம் அடைத்து, பின்னால் இரட்டைக் கதவு வைத்த கண்டெய்னர் பாடி கட்டினேன். மழையும் உள்ளே வராது, திருடனும் வரமாட்டான் என்று மகிழ்ந்தேன். உள்ளே போனவன் வெளியே வர முடியுமா என்பதை மட்டும் அப்போது யோசிக்கவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆனி மாத முகூர்த்தம் ஒன்று. ஜூலை முதல் வாரம். மாட்டுங்காவில் கல்யாணம் முடிந்து இரவு பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வடாலாவில் எங்கள் கிடங்குக்கு முன்னால் வண்டி நின்றது. மழை என்றால் அப்படி ஒரு மழை. காற்று பின்பக்கமிருந்து அடித்தது. எங்களிடம் வேலை பார்க்கும் பையன், தென்காசிப் பக்கத்துக்காரன், பத்தொன்பது வயது. பாய்கள் நனைந்துவிடக் கூடாது என்று அவற்றை உள்ளே தள்ளி அடுக்கப் பெட்டிக்குள் ஏறினான். சாரல் உள்ளே அடிக்கிறதே என்று டிரைவர் கதவைச் சாத்தித் தாழ்க்கம்பியைத் திருப்பினார். இரண்டு நிமிடத்தில் திறக்கலாம் என்ற நினைப்பு. இரண்டு நிமிடம் கழித்துத் திருப்பினால் கம்பி அசையவில்லை.

இழுத்தோம், உதைத்தோம், கல்லால் தட்டினோம். கைப்பிடி வளைந்ததே தவிரக் கம்பி நகரவில்லை. உள்ளே இருட்டு, காற்று புக வழியில்லை, சமையல் சூடு இன்னும் ஆறாத அடுப்புகள். அதைவிட, இரண்டு காஸ் சிலிண்டர்கள். காலி சிலிண்டர் என்று நாம் சொன்னாலும் அடியில் கொஞ்சம் காஸ் இருக்கத்தான் செய்யும். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கி நிற்கும். "கட்டர் கொண்டு வந்து அறுத்துவிடலாம்" என்று பக்கத்து வெல்டர் ஓடி வந்தார். நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன். ஒரு பொறி பறந்தால் போதாதா?

பையன் உள்ளேயிருந்து கரண்டியால் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தான். தட்டும் சத்தம் கேட்கும்வரை பயமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். இடையில் ஒருமுறை சத்தம் நின்றது. அந்த ஒரு நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. "டேய், தட்டுடா, நிறுத்தாதடா" என்று கத்தினேன். மறுபடி இரண்டு தட்டு கேட்டது.

கடைசியில் டிரக் டெர்மினலிலிருந்து ஒரு வயதான மெக்கானிக் வந்தார். உத்தரப் பிரதேசத்துக்காரர். அவர் கம்பியைத் தொடவே இல்லை. கீலைப் பார்த்தார். கீல் ஆணிகளின் தலையில் மண்ணெண்ணெய் ஊற்றி, நனைந்த சாக்கை மேலே போட்டு, ஐந்து நிமிடம் சும்மா நின்றார். எங்களுக்கு உயிர் போயிற்று. பிறகு கீழேயிருந்து ஒரு பித்தளைத் துண்டை வைத்து மெதுவாகத் தட்டித் தட்டி மூன்று ஆணிகளையும் உருவினார். பூட்டிய பக்கம் பூட்டியே இருக்க, கீல் பக்கம் கதவு பிரிந்து வந்தது. பையன் வேர்த்து நனைந்து, மழையில் நின்ற எங்களைவிட ஈரமாக வெளியே வந்தான். தண்ணீர் குடித்துவிட்டு அவன் சொன்ன முதல் வார்த்தை இது: "அண்ணாச்சி, உள்ள ஒரு கைப்பிடி இருந்தா நானே தெறந்திருப்பேனே."

அவன் குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அந்தக் கதவு அன்று திடீரென்று சிக்கவில்லை. ஒரு மாதமாகவே அது முரண்டு பிடித்தது. டிரைவர் சொன்னார், ஓர் உதை விட்டால் திறக்கிறதே என்று நான் சொன்னேன். அடுத்த வாரம் பார்க்கலாம், சீசன் முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். கதவு சிக்கிக்கொள்வது ஒரு நாளில் நடப்பதில்லை. ஒவ்வொரு நாளும் ஈரத்தோடு சாத்தி வைக்கிறோமே, அன்றன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அது சிக்குகிறது. நமக்குத் தெரிய வருவதுதான் கடைசி நாளில்.

அதற்குக் காரணம் தேடி நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. வடாலா எப்படிப்பட்ட ஊர் என்று பாருங்கள். ஒருபுறம் துறைமுகம், ஒருபுறம் உப்பளங்களும் கழிமுகமும். காற்றில் எப்போதும் உப்பு. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பும் சேர்ந்தால் வேகம் பல மடங்கு. மும்பையில் ஜூன் மாதம் 10, 11 தேதிவாக்கில் பருவமழை தொடங்கினால் செப்டம்பர் முடிய நான்கு மாதத்தில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. வருடம் முழுவதும் பெய்யும் மழையில் பெரும்பங்கு இந்த நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும். இந்த நாட்களில் எதுவும் காய்வதில்லை; துணியும் காய்வதில்லை, கதவும் காய்வதில்லை.

துருவைப் பற்றி ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. இரும்பு துருவாக மாறும்போது சுருங்குவதில்லை, பெருக்கிறது. தான் இருந்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அது பிடித்துக்கொள்ளும். கீலின் ஆணிக்கும் குழலுக்கும் நடுவே ஒரு நூல் கனம்தான் இடைவெளி. அந்த இடைவெளியைத் துரு அடைத்துக்கொண்டால் ஆணியும் குழலும் ஒட்டி ஒன்றாகிவிடுகின்றன. தாழ்க்கம்பி ஓடும் வளையங்களிலும் இதே கதைதான். இதற்கு மேல் கதவில் அடித்த பிளைவுட் பலகை வெட்டிய ஓரத்தின் வழியாகத் தண்ணீரைக் குடித்து ஊதிக்கொள்ளும். ஊரில் மழைக்காலத்தில் வாசற்கதவு பிடித்துக்கொள்ளுமே, அதைப்போல.

இந்தச் சம்பவத்தை என் தங்கை மகனிடம் போனில் சொன்னேன். அவன் கனடாவில், ஒன்டாரியோவின் வடக்கே சட்பரி என்னும் சுரங்க நகரத்தில் வேலையாயிருக்கிறான். கேட்டுவிட்டுச் சிரித்தான். "மாமா, இங்கேயும் இதே கூத்துதான். உங்களுக்கு மழை, எங்களுக்குப் பனி" என்றான்.

அங்கே குளிர்காலத்தில் பனியின்மேல் ஓடும் ஸ்னோமொபைல் என்ற வண்டி உண்டு. முன்னால் சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் பட்டை. பார்ப்பதற்குச் சக்கரமில்லாத ஸ்கூட்டர் மாதிரி இருக்கும். அதைச் சாலையில் ஓட்டிப் போக முடியாது என்பதால், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் மூடிய பெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். என் கண்டெய்னர் பாடியைப் போன்றதே அது. பின்கதவு மட்டும் இரண்டாகப் பிரியாமல், மேலிருந்து கீழே சாய்ந்து இறங்கி, வண்டி ஏறும் சாய்தளமாகிவிடும்.

வண்டியை ஓட்டிவிட்டு வந்து பனியோடு பெட்டிக்குள் ஏற்றிக் கதவைச் சாத்திவிடுவார்களாம். சூடான என்ஜினில் பட்ட பனி உருகித் தரையில் ஓடிக் கதவின் அடிச்சட்டத்தில் தேங்கும். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக்கு இறங்கினால், தேங்கிய தண்ணீர் உறைந்து கதவும் சட்டமும் ரப்பரும் ஒரே பாளமாகிவிடும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு பெருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அங்கே பனிக்கட்டி பெருத்துக் கதவைப் பிடிக்கிறது. இங்கே துரு பெருத்துக் கதவைப் பிடிக்கிறது. ஊர் வேறு, தட்பவெப்பம் வேறு, குற்றவாளி ஒருவரே: வெளியே போக வழியில்லாமல் தேங்கி நின்ற தண்ணீர்.

அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். முதலில், பெட்டிக்குள் ஏற்றுமுன் வண்டியின் பனியைத் துடைப்பத்தால் தட்டிவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் தரைத் தண்ணீரை வழித்துத் தள்ளிவிட்டுக் கதவைச் சிறிது நேரம் திறந்து போட்டுக் காயவிட வேண்டும். கதவு ஓரத்து ரப்பரைத் துணியால் துடைத்துச் சிலிக்கான் தடவ வேண்டும். தடவினால் தண்ணீர் ஒட்டாது. கதவின் அடி விளிம்பு சகதிப் பனியில் பதியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியும் உறைந்துவிட்டால் வெந்நீர் ஊற்றக் கூடாது. அந்த நேரத்துக்குத் திறக்கும்; ஊற்றிய நீரே அடுத்த மணி நேரத்தில் இன்னும் இறுக்கமாக உறைந்துவிடும். கடப்பாரையால் நெம்பினால் ரப்பர் கிழியும். கிழிந்த வழியாக மறுபடி தண்ணீர் புகும்.

இந்த ஸ்னோமொபைல் பிறந்த கதையும் அடைபட்ட வழியின் கதைதான். கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்ற சிற்றூரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக் இருந்தார். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு நோய் முற்றியது. சாலைகளைப் பனி மூடியிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டு போக முடியாமல் குழந்தை இறந்துபோயிற்று. அவர் பனியில் ஓடும் வண்டியை அதற்கு முன்பே சோதித்து வந்தவர், பிறகும் விடவில்லை. 1937இல் பலர் ஏறிச் செல்லும் பெரிய வண்டியையும், 1959இல் ஸ்கீ டூ என்ற சிறிய வண்டியையும் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு விளையாட்டுக்காக ஓட்டுகிறார்கள். ஆனால் அது தொடங்கியது, அடைபட்ட வழியைத் திறந்தாக வேண்டும் என்ற ஒரு தகப்பனின் தவிப்பிலிருந்து.

சரி, நாம் என்ன செய்ய வேண்டும்? நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கண்டெய்னர் பாடி வைத்திருக்கும் நம்மவர்கள், இட்லி மாவு கொண்டு போகிறவர்கள், தோல் பை ஏற்றுகிறவர்கள், லாண்டரித் துணி எடுக்கிறவர்கள், எல்லாருக்கும் இது பொருந்தும்.

மே மாதத்திலேயே, அதாவது முதல் மழைக்கு முன், ஒரு நாள் ஒதுக்குங்கள். கீல் ஆணிகளைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுத்துக் கிரீஸ் வைத்துப் போடுங்கள். தாழ்க்கம்பியின் வளையங்களுக்கும் அப்படியே. மழைக்காலம் முழுவதும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஆனால் கதவு ஓரத்து ரப்பரில் மட்டும் கிரீஸோ பழைய என்ஜின் ஆயிலோ படக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பல வகை ரப்பர் ஊதிப் பிசுபிசுத்துச் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். ரப்பரைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவைத்துச் சிலிக்கான் தடவுங்கள். அது கிடைக்காவிட்டால் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடர் போதும்.

பெட்டியின் தரையில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். அவை பெரும்பாலும் சோற்றுப் பருக்கையாலும் மண்ணாலும் அடைபட்டிருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்தித் திறந்துவிடுங்கள். துளையே இல்லாவிட்டால் போடச் சொல்லுங்கள். பிளைவுட்டின் வெட்டு ஓரங்களுக்கு இரண்டு கை பெயிண்ட் அடியுங்கள். வண்டியை நிறுத்தும்போது முன்பக்கம் சற்று மேடாக இருந்தால் தண்ணீர் பின்னால் வடிந்து போகும். நனைந்த பாயையும் தார்பாயையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். மழை விட்டு ஒரு மணி நேரம் வெயிலடித்தால் முதல் வேலையாக இரண்டு கதவையும் விரியத் திறந்து போடுங்கள். இவ்வளவுதான். இதில் பணம் செலவாகும் வேலை மிகக் குறைவு.

நம் அப்பா தாத்தா காலத்தில் இது புதிய பாடமே அல்ல. எங்கள் ஊரில் வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்வார்கள். அதை மூங்கில் குழாயில் நிரப்பி மாட்டு வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். அச்சில் மை காய்ந்துவிட்டால் வண்டி கத்தும். கத்தினால் மாடு சிரமப்படுகிறது என்று பொருள். வாயில்லா ஜீவனுக்காகவாவது நிறுத்தி மை போட்டுவிட்டுத்தான் என் அப்பா மேலே ஓட்டுவார். இரும்புப் பெட்டி வண்டி வந்ததும் நமக்கு அந்தப் பழக்கம் விட்டுப் போயிற்று. கதவு கத்துகிறது, நாம் உதைக்கிறோம்.

ஆனால் எண்ணெயும் கிரீஸும் பாதி வேலைதான். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் கதவு சிக்கத்தான் செய்யும். அன்றைக்கு உள்ளே ஆள் இருந்தால்? ஆகவே மூடிய பெட்டி எதுவானாலும் அதை உள்ளிருந்து திறக்க வழி இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

இதை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. பழைய காலத்துக் குளிர்சாதனப் பெட்டிகளின் கதவு வெளியே தாழ்ப்பாளோடு இருக்கும். அமெரிக்காவில் விளையாட்டாக உள்ளே போய் ஒளிந்த குழந்தைகள் திறக்க முடியாமல் மூச்சுமுட்டி இறந்தார்கள். 1956இல் அங்கே ஒரு சட்டம் வந்தது: வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி எதுவானாலும் உள்ளேயிருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்று. 1958 முதல் செய்த பெட்டிகளுக்கு அது கட்டாயமாயிற்று. இன்று நம் வீட்டுப் பெட்டிகளில் தாழ்ப்பாள் இல்லாமல் காந்தம் பதித்த ரப்பர் இருக்கிறதே, அது பரவியதற்கு அந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். அதே நாட்டில் 2001 செப்டம்பர் முதல் புதுக் கார்களின் டிக்கிக்குள்ளும் இருட்டில் தெரியும் கைப்பிடி வைக்க வேண்டும் என்று விதி செய்தார்கள்.

நம் ஊருக்கு மட்டும் இந்தப் பாடம் வரவில்லையா? 2005 ஜூலை 26ஆம் நாளை மும்பைத் தமிழர் யாரும் மறந்திருக்க முடியாது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அன்று மாண்டவர்களில் சிலர் தண்ணீர் சூழ்ந்த கார்களுக்குள்ளேயே சிக்கியவர்கள். வெளியே தண்ணீர் அழுத்தும்போது கதவு திறக்காது. அரை மீட்டர் உயரத் தண்ணீர், ஒரு மீட்டர் அகலக் கதவை ஏறக்குறைய 125 கிலோ எடை சாய்ந்தாற்போல் அழுத்தும். மின்சாரம் செத்தால் கண்ணாடியும் இறங்காது. அதற்குப் பிறகுதான் காரில் ஒரு சுத்தியல் வைத்திருங்கள் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். எத்தனை பேர் வைத்திருக்கிறோம்? 2017 ஆகஸ்ட் 29 வெள்ளத்தில், நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் சயானில், மறுபடியும் ஒருவர் காருக்குள் சிக்கி இறந்தார்.

2025 ஆகஸ்ட் 19 மாலை, மைசூர் காலனி அருகே மோனோரயில் மழையில் பாதி வழியில் நின்றது. மின்சாரம் போயிற்று, குளிர்சாதனம் நின்றது, மூடிய பெட்டிகளுக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள். தீயணைப்புப் படையினர் உயரத்தில் ஏணி வைத்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது, என் காதில் கரண்டிச் சத்தம்தான் கேட்டது.

என் வண்டியில் மறு வாரமே உள்பக்கக் கைப்பிடி வைத்துவிட்டேன். வெளியே இருக்கும் தாழ்க்கம்பியோடு உள்ளே ஒரு நெம்புகோலை வெல்டிங் வைத்து இணைக்கும் அரைநாள் வேலை. அதோடு கீல் ஆணிகளைக் கீழேயிருந்து தட்டி எடுக்கத் தோதாக மாற்றிவிட்டேன். கைப்பிடியில் இருட்டில் ஒளிரும் பெயிண்ட் அடித்தேன். வண்டிக்குள் காஸ் சிலிண்டர் ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். அது தனியாகத் திறந்த வண்டியில் வருகிறது. இன்னொரு வழக்கமும் கொண்டுவந்திருக்கிறேன். பெட்டிக்குள் ஏறுகிறவன் வெளிக்கதவின் பூட்டைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். பூட்டு அவனிடம் இருக்கும்வரை எவரும் கதவைச் சாத்தக் கூடாது. மழை அடித்தாலும் சரி, பாய் நனைந்தாலும் சரி. பாயைக் காயவைத்துக்கொள்ளலாம்.

இதைச் சக தொழில்காரர்களிடம் சொன்னபோது இரண்டு மறுப்புகள் வந்தன. "உள்ளே கைப்பிடி வைத்தால் சரக்குக்குப் பாதுகாப்பு ஏது?" என்றார் ஒருவர். திருடன் வெளியேயிருந்துதானே வருகிறான்? வெளிப்பூட்டு அப்படியேதான் இருக்கிறது. பூட்டிய பிறகு கைப்பிடியும் நகராது. ஆள் உள்ளே இருக்கும்போது பூட்டு அவன் பையில் இருக்கும், அப்போது மட்டும் நகரும். "பையன்களைப் பெட்டிக்குள் ஏற்றுவதே தப்பு, ஏறாதே என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது" என்றார் இன்னொருவர். ஓடும் வண்டியில் ஏற்றக் கூடாது என்பதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிற்கிற வண்டியில் பாத்திரத்தை யார் அடுக்குவது? நாமா ஏறப் போகிறோம்? ஏறப் போகிறவன் ஊரிலிருந்து வந்த பிள்ளை. "அண்ணாச்சி பாத்துக்கிடுவாக" என்று அவனை நம்மிடம் அனுப்பி வைத்தவள் அவன் தாய். கதவு கெட்டியாக இருக்கிறது என்று அவன் நம்மிடம் சொல்லத் தயங்குவான். சொன்னாலும் நாம் உதைக்கச் சொல்வோம். ஆகவே இந்தப் பொறுப்பு கிளீனருடையதும் அல்ல, டிரைவருடையதும் அல்ல, வண்டிக்குச் சொந்தக்காரனுடையது. அதை நான் என்னைச் சேர்த்தேதான் சொல்கிறேன்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், மாணவர்களுக்குப் பரிசு கொடுக்கிறோம். எல்லாம் நல்ல காரியங்கள். அவற்றோடு ஆண்டுதோறும் மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒன்றை இதற்கு ஒதுக்கினால் என்ன? நம்மில் வெல்டர்கள் இருக்கிறார்கள், மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். வடாலாவில் ஓர் இடத்தில் நம்மவர் வண்டிகள் எல்லாம் வந்து நிற்கட்டும். கீலைப் பார்ப்போம், துளையைக் குத்துவோம், கைப்பிடி இல்லாத வண்டிக்குக் கைப்பிடி வைத்துக் கொடுப்போம். கிரீஸ் டப்பா என் செலவு. சாயாவும் என் செலவு.

அந்தப் பையன் இப்போது எங்களிடம் இல்லை. லைசென்ஸ் எடுத்து, செம்பூரில் ஒருவரிடம் டிரைவராக இருக்கிறான். சென்ற மாதம் வழியில் பார்த்தேன். அவன் ஓட்டுவதும் ஒரு கண்டெய்னர் பாடிதான். நலம் விசாரித்துவிட்டுப் பின்னால் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே கைப்பிடி இருந்தது.

"மொதலாளிகிட்ட சண்ட போட்டு வாங்குனேன் அண்ணாச்சி" என்றான்.

அவன் என்னிடமும் அப்படிச் சண்டை போட்டிருக்கலாம். போட வேண்டிய தேவையே வராமல் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.